ஐந்து கட்டைக்குக் கீழே

மந்தைவெளியில் ஒரு கறிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அய்யாதுரையின் துப்பறியும் அலுவலகம். நவம்பர் மழையில் தெருவும் சாக்கடையும் ஒன்றாகிவிட்டன. படியேறி வருகிறவர்கள் எல்லோரும் அதே கறுப்புச் சேற்றைக் காலில் கொண்டுவந்தார்கள். அன்று வந்த இளைஞன் அதைத் துடைக்கவில்லை. செருப்போடு உள்ளே வந்து, ஈரப் பேண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ராமானுஜம். காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லித் தரேன். எங்காத்துல யாரோ ஒயரைப் பிடுங்கிட்டா. யாருன்னு தெரியணும்."

அய்யாதுரை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். எதற்கும் உடனே பேசமாட்டார். அந்த வேலையை அவருடைய உதவியாளர் காமாக்ஷி செய்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். துப்பறிவதில் அவருக்கு இல்லாத ஆவல் எல்லாம் அவளுக்கு இருந்தது.

"கரண்ட் ஒயரா, போன் ஒயரா?" என்றாள்.

"சிந்தசைசர் ஒயர், மாமி. என் ஆம்படையா கட்டினது. ஹம்சினி. போன மாசம் மஞ்சள் காமாலையில போயிட்டா."

அவன் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். ஹம்சினி பாடிக்கொண்டிருந்தவள். தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. அதற்குப் பிறகு ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, பழைய ரேடியோக்களைப் பிரித்து, பிளைவுட் பெட்டிக்குள் அந்த வாத்தியத்தைக் கட்டினாள். முகப்பு முழுக்கக் குமிழ்களும் சாக்கெட்டுகளும். கீழே ஒரு வரிசைக் கீக்கள்.

"கடையில விக்கற கீபோர்டு மாதிரி இல்லை சார். இதுக்கு ஞாபகம் கிடையாது. எந்த ஒயர் எந்தச் சாக்கெட்டுக்குப் போறது, எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கு, அதுதான் சத்தம். எல்லாத்தையும் கலைச்சுட்டா சத்தம் போச்சு. அவளே வந்தாலும் அச்சா அதையே திரும்பக் கொண்டுவர முடியாது."

"கடைசியா என்ன சத்தம் வச்சிருந்தாங்க?" என்று அய்யாதுரை முதல்முறையாக வாயைத் திறந்தார்.

ராமானுஜம் சற்று யோசித்தான். "பாடறவா வாயைத் திறக்கறச்சே, ஸ்வரம் வரதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வருமே. அந்த மூச்சு. அப்புறம் மெதுவா 'ஆ'ன்னு ஒரு ஆகாரம். அவ குரல்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்த குரல். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறச்சே, தொடாதே, வந்து முடிக்கறேன்னா."

"நீங்க தொட்டீங்களா?"

"காலேஜ்லேர்ந்து வந்து ஸ்விட்ச் போடுவேன். அரை மணி காத்துண்டிருப்பேன். ஒரே ஒரு கீயை அழுத்துவேன். அணைச்சுடுவேன்."

"எதுக்கு அரை மணி?"

"சூடேறணும் சார். ஜில்லுனு இருந்தா ஸ்ருதி கீழ நிக்கும். சூடேற ஏற மேல வந்து, அஞ்சு கட்டையில நின்னுடும். அவ பாடின ஸ்ருதி. சூடேறாம ஒரு ஸ்வரம்கூட யாரையும் கேக்க விடமாட்டா. தலை வாரிக்காம வாசலுக்கு வர மாதிரிம்பா."

பதின்மூன்றாம் நாள், துக்கம் கழிக்கும் சுபத்தன்று, வீடு நிறைய ஜனம். அன்று பகல் முழுக்க அவன் ஸ்விட்ச் போடவில்லை. எல்லோரும் போன பிறகு மாலையில் அந்த அறைக்குள் போனான். ஒரு ஒயர்கூட இல்லை. குமிழ்கள் எல்லாம் பூஜ்யத்தில் இருந்தன.

"கண்டுபிடிச்சா உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்றார் அய்யாதுரை.

"எடுத்தவாளுக்கு எது எங்க இருந்ததுன்னு ஞாபகம் இருக்கலாம். அந்தச் சத்தம் வேணும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

*

வீடு பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அருகில், மூன்று மாடிக் கட்டடத்தில். கால்வாயில் பறக்கும் ரயிலுக்கான தூண்கள் பாதியில் நின்றன. அவற்றின் அடியில் தெர்மக்கோலும் செத்த எலியும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. காமாக்ஷி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

மாடிப்படியில் ஒரு பெண் எதிர் வீட்டு வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராமானுஜத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தேவானை. எங்காத்துல வேலை பண்ணிண்டிருந்தா. இவதான் பிடுங்கியிருப்பான்னு அக்கா நிறுத்திட்டா," என்றான் அவன் தாழ்ந்த குரலில்.

அவள் காதில் விழுந்துவிட்டது. "ஆமா, புடுங்கிக்கினு போயி பட்டினப்பாக்கத்துல கொடி கட்டித் துணி காயப் போட்டுக்கீறேன். வந்து பாருங்க சார். அந்த ரூம்ல கட்டில் வரைக்கும்தான் பெருக்குவேன். அந்தப் பொட்டியாண்ட போனா ஷாக் அடிக்கும்னு அந்த அம்மாவே சொல்லிக்கீது."

அக்கா ஜானு கதவைத் திறந்தாள். காரியங்களுக்காக ஶ்ரீரங்கத்திலிருந்து வந்தவள், இன்னும் ஊர் திரும்பவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டாள். அய்யாதுரை வேண்டாம் என்றார். அவர் யார் வீட்டிலும் காபி குடிப்பதில்லை.

அறையில் அந்தப் பெட்டி ஒரு பழைய தையல் மேஜைமேல் இருந்தது. அருகில் கையகல எலக்ட்ரானிக் ஸ்ருதிப்பெட்டி. அய்யாதுரை குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். தூசி பஞ்சுபோலப் படிந்திருந்தது. கரப்பான் முட்டைகள் சுவரோரம் புளியங்கொட்டை மாதிரி ஒட்டியிருந்தன. கட்டில் வரை தரை சுத்தமாக இருந்தது, அதன் பிறகு துடைப்பம் பட்ட அடையாளமே இல்லை.

"தேவானை சொன்னது சரி," என்றார்.

ஒயர்கள் மேஜையின் ஓரத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கையகல வட்டமாக, ஒரு முறுக்கு இல்லாமல் சுற்றப்பட்டு, அதன் வாலாலேயே நடுவில் கட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தது.

"இப்படித்தான் இருந்துதா? நீங்க யாராவது அடுக்கினீங்களா?"

"இப்படியேதான் இருந்தது. நான் தொடலை."

"உங்க மனைவி இப்படிச் சுத்தி வைப்பாங்களா?"

"இல்லை. அவ அப்படியே ஆணியில தொங்க விடுவா." சுவரில் நான்கு ஆணிகள் வெறுமையாக இருந்தன.

"சுபத்தன்னிக்கு இந்த அறைக்குள்ள யார் வந்தாங்கம்மா?" என்று ஜானுவிடம் கேட்டார்.

"கார்த்தாலே அந்த ஷஃபியுல்லா வந்தான். ஹம்சினிக்குச் சாமான் விக்கறவன். அவனோட மீட்டர் ஒண்ணு இங்க இருக்குன்னு சொல்லி உள்ள போய் எடுத்துண்டான். போறச்சே, இந்தப் பொட்டியைக் குடுத்துடுங்கோ, எடைக்கு மேல போட்டுத் தரேங்கறான். துக்க வீட்டுல பேசற பேச்சா? அப்புறம் ஸ்ரீகிருஷ்ணா. அவளோட படிச்சவன், இப்போ தி. நகர்ல ஸ்டூடியோ வச்சிருக்கான். தோள்ல ஒரு பெரிய பை. முதல் பந்தியில உக்காருடான்னேன். இல்லக்கா, அவ ரூம்ல கொஞ்ச நேரம் தனியா இருக்கேன்னுட்டான். பாவம், கதவைச் சாத்திண்டு அழுதிருப்பான். ரெண்டாம் பந்தியிலதான் சாப்பிட்டான். பாயசம் நன்னா இருக்குன்னு ரெண்டு தரம் கேட்டு வாங்கிண்டான்."

காமாக்ஷி அய்யாதுரையைப் பார்த்தாள். அவர் முகத்தில் எதுவும் இல்லை.

அப்போது பக்கத்து வீட்டு டி.வி.யில் ஒரு விளம்பரம் வந்தது. சுவர் மெல்லியது. 'வெண்முத்து போடுங்க, கக்கூஸ் பளபளக்க' என்று ஒரு பெண் பாடினாள். பிறகு கிருமிகள் அலறும் சத்தம். முதலில் ஒரு மூச்சு. அதிலிருந்து மெதுவாக ஓர் ஆகாரம், நீண்டு, ஒரு குடம் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டது.

ராமானுஜம் எழுந்து பாத்ரூமுக்குப் போனான். அவன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. ஜானு பின்னாலேயே ஓடினாள். திரும்பி வந்தபோது அவன் உதட்டை மணிக்கட்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவ குரல்," என்றான்.

*

விளம்பரத்துக்கு இசை யார் என்று கண்டுபிடிக்கக் காமாக்ஷிக்கு மூன்று போன் போதுமானதாக இருந்தது. ஸ்ரீகிருஷ்ணா. அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"ஆள் கிடைச்சாச்சு சார். இன்னும் என்ன?"

"ஹம்சினியே எனக்குக் கொடுத்தாங்கன்னு சொல்வான். ஒயரை ஷஃபியுல்லா எடுத்திருப்பான்னு சொல்வான். என்ன செய்வீங்க?"

காமாக்ஷி குடையைக் கீழே வைத்தாள்.

முதலில் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். ஷஃபியுல்லாவின் கடை ஒரு அலமாரி அளவு. காலடியில் மழைத்தண்ணீர், அதில் மிதக்கும் பீடித் துண்டுகள். அவர் வாயில் வெற்றிலையோடு பேசினார்.

"இன்னா நைனா, நான் ஏன் ஒயர எடுக்கணும்? பொட்டியையே கேட்டவன் நான். அதுக்குள்ள இருக்கற பழைய சில்லு இப்ப எங்கயும் கிடைக்காது. அந்தப் பொண்ணு மாதிரி சால்டரிங் பண்ண ஆளும் கிடையாது. அது போச்சு, பொட்டியாவது யாருக்காச்சும் உபயோகப்படட்டுமேன்னு கேட்டேன். தப்பா?"

"சாவு வீட்டுல கேட்டது தப்பு," என்றாள் காமாக்ஷி.

"அது தப்புதான்," என்று துப்பினார் ஷஃபியுல்லா.

அய்யாதுரை கிளம்பும்போது ஒரு ஒயர் வேண்டும் என்றார். ஷஃபியுல்லா கோணிப்பைக்குள் கையை விட்டு ஒன்றை இழுத்தார். அதோடு பத்து ஒயர்கள் சிக்காக வந்தன. பல்லால் கடித்து ஒன்றைப் பிரித்து, கசக்கிச் சுருட்டி, காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்.

ஆட்டோவில் அய்யாதுரை அந்தக் காகிதத்தைக் காமாக்ஷியிடம் கொடுத்தார். "பத்திரமா வையுங்க. இது அவருக்கு சாட்சி."

*

மறுநாள் மூவரும் தி. நகர் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ஹம்சினியின் ஸ்ருதிப்பெட்டியை எடுத்து வரும்படி அய்யாதுரை சொல்லியிருந்தார். ராமானுஜம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. ஸ்டூடியோவுக்குள் ஈரக் கம்பளமும் ஊதுபத்தியும் நேற்றைய பிரியாணியும் கலந்து நாறின. சுவர் முழுக்க ஒலி எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டைகள். நடுவில் இரண்டு டிஜிட்டல் கீபோர்டுகள், பதிவு செய்த ஒலியைக் கீபோர்டில் வாசிக்க வைக்கும் ஒரு சாம்ப்ளர், ஒரு டிஜிட்டல் டேப் ரெக்கார்டர். பக்கச் சுவரில் வரிசையாக ஒயர்கள். உள்ளங்கையகல வட்டங்கள், முறுக்கு இல்லாமல், வாலாலேயே கட்டப்பட்டவை. காமாக்ஷி அய்யாதுரையின் கையை இடித்தாள். அவர் அப்போதே பார்த்துவிட்டிருந்தார்.

ஸ்ரீகிருஷ்ணா ராமானுஜத்தைக் கட்டிக்கொண்டான். "மச்சி, எப்படிடா இருக்கே? சாப்பிடறியா இல்லையா?"

"விளம்பரம் கேட்டேன்," என்றான் ராமானுஜம்.

ஸ்ரீகிருஷ்ணாவின் கை ஒரு கணம் அவன் முதுகில் நின்றது. பிறகு தட்டிக்கொடுத்தது. "நானே உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் வந்தேன். நீ காலேஜ் போயிருந்தே. அவளே வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தா. எதுக்காவது யூஸ் பண்ணிக்கோடான்னா. அவ சத்தம் ஊரெல்லாம் கேக்குதுன்னு சந்தோஷப்படு மச்சி."

"கக்கூஸ்ல," என்றாள் காமாக்ஷி.

"மாமி, விளம்பரம்னா அப்படித்தான். கிருமிக்குக் கேட்டாங்க, குடுத்தேன்."

அய்யாதுரை நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு இதெல்லாம் புரியாது தம்பி. ரெக்கார்டிங்கை அப்படியே போட்டுட வேண்டியதுதானா, இல்லை உங்களுக்கும் வேலை இருக்கா?"

ஸ்ரீகிருஷ்ணாவுக்கு அந்தக் கேள்வி பிடித்தது. "என்ன சார், முக்காவாசி வேலை என்னுதுதான். அது வீட்டுல செஞ்ச பொட்டி. ஸ்ருதியே நிக்காது. ஒவ்வொரு கீயா வாசிச்சு எடுத்தா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு இறங்கிக் கிடக்குது. முதல் கீ ரொம்ப இறக்கம். போகப் போகக் கொஞ்சம் பரவாயில்லை. எல்லாத்தையும் சாம்ப்ளர்ல போட்டு நான் ஒண்ணொண்ணா திருத்தினேன்."

"அந்த ஒரிஜினலைக் கேக்கலாமா?"

அவன் பெருமையாக டேப்பைப் போட்டான். மூச்சு. பிறகு ஆகாரம். ராமானுஜம் கண்ணை மூடவில்லை, தரையைப் பார்த்தான். கீழ்க் கீயிலிருந்து மேல் கீ வரை ஒவ்வொன்றும் நிதானமாக வந்தது. அதன் பிறகு மறுபடி முதல் கீயே வந்தது.

"நிறுத்துங்க," என்றார் அய்யாதுரை. "காமாக்ஷி அம்மா, முதல்ல வந்ததும் இப்ப வந்ததும் ஒரே கீதானே?"

"ஒரே கீதான். ஆனா இது ஏறியிருக்கு. நன்னாவே ஏறியிருக்கு." இத்தனை வருஷம் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்த காதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"ராமானுஜம், உங்க மனைவி சூடேறாத பெட்டியை யாருக்காவது வாசிச்சுக் காட்டுவாங்களா?"

"மாட்டா."

"இந்த டேப்ல பெட்டி ஜில்லுனு ஆரம்பிச்சு, வாசிக்க வாசிக்கச் சூடேறுது. அவங்க வாசிச்சதுன்னா ஆரம்பத்துலேயே ஸ்ருதி சேர்ந்திருக்கணும். இதை வாசிச்சவருக்குக் காத்திருக்கணும்னு தெரியாது. ஸ்விட்ச் போட்ட உடனே பாடற டிஜிட்டல் கீபோர்டுல பழகினவர். ஷஃபியுல்லாவுக்கு அந்தப் பொட்டியோட வயிறு வரைக்கும் தெரியும், அவர் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்."

ஸ்ரீகிருஷ்ணா சிரிக்க முயன்றான். "அவளுக்கு அன்னிக்கு உடம்பு முடியலை சார். காத்திருக்க முடியாம வாசிச்சிருக்கலாம்."

"இருக்கலாம். அப்ப ஒயரைப் பார்ப்போம்." அய்யாதுரை காமாக்ஷியின் பையிலிருந்து இரண்டு ஒயர்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று ஷஃபியுல்லா கசக்கிக் கொடுத்தது. மற்றது ஹம்சினியின் அறையிலிருந்து வந்தது. "ஹம்சினி ஆணியில தொங்க விடுவாங்க. ஷஃபியுல்லா கோணிப்பையில திணிப்பார். தேவானை அந்தப் பக்கமே போனதில்லைன்னு தூசி சொல்லுது. இது மட்டும் இப்படிச் சுத்தியிருக்கு. உங்க சுவரைப் பாருங்க தம்பி. திருடப் போன இடத்துலயும் ஸ்டூடியோக்காரர் கையால ஒயரைச் சிக்கா போட முடியலை. பிடுங்கினதும் கை தானா சுத்திக் கட்டிடுச்சு."

ஏ.சி. இயந்திரத்திலிருந்து ஒரு வாளியில் தண்ணீர் சொட்டியது.

"பையில ரெக்கார்டரோட சாவு வீட்டுக்கு வந்தீங்க. எல்லாரும் முதல் பந்தியில இருக்கும்போது கதவைச் சாத்தினீங்க. ஹெட்போன் இருந்ததால வெளியில கேக்கலை. எடுத்து முடிச்சதும் ஒயரைப் பிடுங்கினீங்க, குமிழை எல்லாம் திருப்பினீங்க. அது ஏன்னுதான் எனக்குப் புரியலை. எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே."

ஸ்ரீகிருஷ்ணா உட்கார்ந்தான். "அந்த ஷஃபியுல்லா பொட்டியைக் கேட்டுக்கிட்டிருந்தான்," என்றான். "வேற எவனாவது அதை வாங்கி, அதே சத்தத்தை எடுத்துட்டா? ஒரு சத்தம் ஒருத்தன்கிட்ட மட்டும் இருந்தாத்தான் சார் மார்க்கெட். இது இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றது. ஆள் போயாச்சு. வெறும் சத்தம். யாருக்கு நஷ்டம்?"

காமாக்ஷி எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டாள். அவன் மூச்சு விடும் காற்றுகூட அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"எது எங்க இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா?" என்றான் ராமானுஜம்.

"என்னது?"

"ஒயர். குமிழ். எது எங்கே?"

"கவனிக்கலைடா. சாம்பிள்தான் எடுத்தாச்சேன்னு..."

ராமானுஜம் தலையை ஆட்டினான். வகுப்பில் தவறான விடை சொன்ன மாணவனைப் பார்த்து ஆட்டுவதுபோல.

"சாம்ப்ளர்ல இருக்கறதை அழிங்க," என்றார் அய்யாதுரை. "ஃப்ளாப்பி எல்லாத்தையும் இங்கே வையுங்க. விளம்பரக் கம்பெனிக்கு இப்பவே போன் பண்ணுங்க, வேற சத்தம் போட்டுத் தர்றேன்னு."

"பண்றேன் சார். ஆனா மாத்த ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஓடும்."

"ஓடும்," என்றார் அய்யாதுரை. பிறகு கையைக் கைக்குட்டையில் துடைத்தார். ஸ்ரீகிருஷ்ணாவின் பொருள் எதையும் அவர் தொட்டிருக்கவில்லை.

ஸ்ரீகிருஷ்ணா ஃப்ளாப்பிகளைத் தேட ஆரம்பித்தான். ராமானுஜம் அவற்றைப் பார்க்கவில்லை.

"தேவானைகிட்ட நானே போய்ச் சொல்லணும்," என்றான் காமாக்ஷியிடம். "அக்காவையும் கூட்டிண்டு போறேன்." பிறகு ஸ்ரீகிருஷ்ணாவிடம் டேப் ரெக்கார்டரைக் காட்டினான். "மீதியைப் போடு. கடைசி வரைக்கும்."

மடியிலிருந்த ஸ்ருதிப்பெட்டியின் குமிழைத் திருப்பினான். ஐந்து கட்டை. அது சீராக ஒலிக்க ஆரம்பித்தது. டேப் மறுபடி ஓடியது. மூச்சு, ஆகாரம். அது ஸ்ருதிக்குக் கீழே இருந்தது. இரண்டு ஒலிகளும் ஒன்றோடொன்று உரசி, நடுவில் ஓர் அதிர்வு படபடத்தது. ஸ்ரீகிருஷ்ணா அதே கீயைத் திரும்பத் திரும்ப அழுத்தி எடுத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் மேலே வந்தது. ஸ்ருதியை நெருங்க நெருங்கப் படபடப்பு மெதுவானது. இன்னும் மெதுவானது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் இப்போது ஒரு மூச்சு விடலாம். ராமானுஜம் முன்னால் குனிந்தான்.

டொக் என்று டேப் நின்றது.

ஸ்ருதிப்பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஏன் நிறுத்தினே?" என்றான் ராமானுஜம். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வந்திருக்கும். ஏன் நிறுத்தினே?"

ஸ்ரீகிருஷ்ணா ஃப்ளாப்பிகளைக் கையில் வைத்தபடி அய்யாதுரையைப் பார்த்தான், காமாக்ஷியைப் பார்த்தான். யாரும் அவனுக்கு உதவிக்கு வரவில்லை.

"இலை போட்டாச்சுன்னு உங்க அக்கா கூப்பிட்டாங்க," என்றான்.

அவர்கள் வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் வரை தண்ணீர், அதில் யாரோ கொட்டிய எச்சில் இலைகள். ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்த ராமானுஜம் டேப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஸ்ருதிப்பெட்டியை அவன் அணைக்கவில்லை. அணைக்கும்படி யாரும் சொல்லவும் இல்லை.

"இன்னா சார், கச்சேரிக்குப் போய்க்கினு கீறீங்களா?" என்றான் ஆட்டோக்காரன், கண்ணாடியில் பார்த்து.

"மந்தைவெளிக்குப் போப்பா," என்றார் அய்யாதுரை.